தண்ணீர் காட்டிய வழி

உங்களுக்குச் சைக்கிள் விடத் தெரியும் அல்லவா? அது போதும். இந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய மற்ற வித்தைகளை எல்லாம் வழியில் கற்றுக்கொள்ளலாம். ஒரே ஒரு பாடத்தை மட்டும் புறப்படுவதற்கு முன்பே கற்றுவிட வேண்டும். அது கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் சமாளித்துவிடலாம்.

ஆஸ்திரேலியா தேசப் படத்தை விரித்துக்கொள்ளுங்கள். தெற்கே கடலோரத்தில் அடிலெய்டு நகரம் தெரிகிறதா? அங்கே விரலை வைத்து வடக்கே நகர்த்துங்கள். முதலில் திராட்சைத் தோட்டங்கள், பிறகு கோதுமை வயல்கள், அதற்கப்புறம் செம்மறியாட்டுப் பண்ணைகள், கடைசியில் வெறும் செம்மண்ணும் கல்லும். ஏறக்குறைய 700 கிலோமீட்டர் போனதும் மாரீ என்ற சிற்றூர் வரும். ஆஸ்திரேலியர்கள் 'அவுட்பாக்' என்று சொல்கிறார்களே, மனித வாடையே அபூர்வமான அந்த உள்நாட்டுப் பிரதேசத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

மாரீயிலிருந்து வடமேற்கே ஒரு மண் சாலை கிளம்புகிறது. ஊட்னடாட்டா பாதை என்று பெயர். சுமார் 620 கிலோமீட்டர் ஓடி, மார்லா என்னுமிடத்தில் தார் ரோடோடு சேர்கிறது. நடுவே ஊர் என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு: வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர்.

இந்தப் பாதையில் சைக்கிளில் தன்னந்தனியாகப் போகிற பேர்வழிகள் இருக்கிறார்கள். முன் சக்கரத்துக்கு இரண்டு பை, பின் சக்கரத்துக்கு இரண்டு பை, ஒரு சின்னக் கூடாரம், ஒரு அடுப்பு, கொஞ்சம் அரிசி, பருப்பு, ஓட்ஸ். இவ்வளவுதான் சொத்து. நீங்களும் அப்படி ஒரு சைக்கிளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கைப் பார்க்கலாம்.

குளிர்காலத்திலேயே, அதாவது மே முதல் ஆகஸ்டு வரையில், சைக்கிள் மிதிக்கிறவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 6 லிட்டர் தண்ணீராவது தேவை. வெயில் ஏறினால் 10 லிட்டர். மண் சாலையில் மூட்டை முடிச்சோடு ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டர் போனால் அதிகம். ஆகவே 200 கிலோமீட்டருக்கு மூன்று நாள். மூன்று நாளைக்கு 18 முதல் 30 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. சைக்கிளில் ஒரு மூட்டை சிமெண்டில் பாதியை ஏற்றிக்கொண்டு மிதிப்பதுபோல ஆயிற்று! வேடிக்கை இத்துடன் முடியவில்லை. தண்ணீர் கூடினால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் நாள் கூடுகிறது. நாள் கூடினால் தண்ணீரும் கூட வேண்டியிருக்கிறது. இந்தச் சக்கரத்திலிருந்து வெளியே வர ஒரே வழி, நடுவில் எங்கேயாவது தண்ணீர் கிடைப்பதுதான்.

எங்கே கிடைக்கும் என்று சொல்லப் பிறர் ஒருவர் வேண்டும். 'தனியாகப் போகிறேன்' என்று மார்தட்டிக்கொண்டு கிளம்புகிற மனிதருக்கு மாரீயில் காத்திருக்கும் முதல் அதிசயம் இது.

இரண்டாவது அதிசயம், அங்கே உள்ள மசூதி. மண்ணாலும் மரத்தாலும் ஆன சின்னஞ்சிறு கட்டடம். 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டகக்காரர்கள் இங்கே கட்டியிருந்த மசூதியின் மாதிரியாகப் பிற்காலத்தில் அமைத்தது. ஆப்கானிஸ்தானத்திலிருந்தும், அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்த பலூசிஸ்தானம், பஞ்சாப் முதலிய பகுதிகளிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். வெள்ளைக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து 'ஆப்கான்' என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். மாவு, தேயிலை, தந்திக் கம்பி, கம்பளி மூட்டை எல்லாம் இவர்களுடைய ஒட்டகங்களின் முதுகில்தான் பாலைவனத்துக்குள் போயின. ஆனாலும் மாரீயில் ரெயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர். மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் ஆதிக்குடிகளும். லாரி வந்த பிறகு ஒட்டகத்துக்கு வேலை போயிற்று. அவிழ்த்துவிடப்பட்ட ஒட்டகங்களின் சந்ததி இன்றும் அந்தப் பாலைவனத்தில் திரிகிறது.

சரி, மிதியுங்கள்.

ஊர் மறைந்த சிறிது நேரத்திலேயே ரோடு தன் குணத்தைக் காட்டத் தொடங்கும். வேகமாக ஓடும் வண்டிகளின் சக்கரங்கள் உலர்ந்த மண்ணில் துள்ளித் துள்ளி, சாலை முழுவதையும் வரிவரியாக, துணி துவைக்கும் பலகையைப்போல் ஆக்கிவைத்திருக்கின்றன. கார்க்காரன் வேகமாகப் போய் வரிகளின் உச்சியிலேயே பறந்துவிடுவான். சைக்கிள்காரனுக்கு அந்த உபாயம் கிடையாது. ஒவ்வொரு வரியும் முதுகெலும்பு வழியாக ஏறிப் பற்களில் வந்து முடியும். இடையிடையே, முகத்துக்குப் பூசும் பவுடரைப்போல் மெல்லிய புழுதி குழிகளை மூடிக்கொண்டிருக்கும். பார்வைக்குச் சமதளம், சக்கரம் இறங்கினால் பாதி காணாமல் போய்விடும்.

பஞ்சர் விஷயத்தில் மட்டும் உங்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வரும். அங்கே டயரைக் குத்துகிற முட்களில் முக்கியமான ஒன்று நம்முடைய நெருஞ்சி. அதன் உறவு அல்ல, சாட்சாத் அதே செடி! கூடவே ஈக்கள். அவை கடிப்பதில்லை. கண்ணிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தைத் தேடி வருகின்றன. அந்தத் தேசத்தில் எல்லா ஜீவனுக்கும் ஒரே கவலைதான். தலைக்கு மேல் ஒரு வலையைப் போட்டுக்கொண்டு, பூச்சி பிடிக்கக் கிளம்பிய விஞ்ஞானியைப்போல் மிதிக்க வேண்டியதுதான்.

மாரீயை விட்டு ஒரு நாள் பிரயாணத்துக்குள் ஒரு கம்பி வேலியைக் கடப்பீர்கள். சாதாரண வேலி என்று அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். டிங்கோ என்னும் காட்டு நாய்கள் ஆட்டுப் பிரதேசத்துக்குள் வராமல் தடுப்பதற்காகப் போட்ட அந்த வேலியின் நீளம் 5,600 கிலோமீட்டருக்கு மேல்! இராத்திரி கூடாரத்துக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் டிங்கோ அதைக் கவர்ந்து போயிருக்கும். வேலிக்கு எந்தப் பக்கம் படுத்திருக்கிறோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுமார் 90 கிலோமீட்டரில் வலப்புறம் வானமும் பூமியும் ஒன்றாகிவிட்டாற்போல் ஒரு வெண்மை. அதுதான் காட்டி தாண்டா, அதாவது ஏர் ஏரி. (பெயர் ஏரானாலும் உழவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) ஆஸ்திரேலியாவிலேயே மிகத் தாழ்ந்த இடம், கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே. பெரும்பாலான காலம் உப்புப் பாளம்தான். எங்கோ குவின்ஸ்லாந்தில் பெரு மழை பெய்தால், வாரக்கணக்கில் நகர்ந்து வரும் வெள்ளம் இங்கே வந்து சேரும். பறவைகள் ஆயிரமாயிரமாகக் கூடும். 1964 ஜூலையில் டொனால்டு காம்பெல் என்ற ஆங்கிலேயர் இந்த உப்புப் பாளத்தின் மேல் 'புளூபேர்ட்' என்ற காரை மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை செய்தார். நீங்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஏரியைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் பார்த்ததைவிட நீங்கள் பார்ப்பது அதிகம்.

இந்த ஏரிக்கரையில் ஒரு துயரமும் நடந்தது. 1998 டிசம்பரில், கொடிய கோடையில், ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓர் இளம் பெண்ணும் அவருடைய துணைவரும் வந்த கார் கரையருகே மணலில் சிக்கிக்கொண்டது. உதவி தேடி அந்தப் பெண் வில்லியம் க்ரீக்கை நோக்கி நடந்தார். போய்ச் சேரவில்லை, பாதி வழியில் மாண்டு கிடந்தார். காருக்குத் திரும்பிக் காத்திருந்த துணைவர் பிழைத்தார். 'வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நகராதே' என்று அந்தப் பக்கத்து மனிதர்கள் ஓயாமல் சொல்வதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம். சைக்கிளுக்கும் அதே சட்டம்தான். அகன்ற வானத்தில் ஒரு மனித உருவம் தெரியாது. ரோட்டோரம் சாய்த்துவைத்த ஒரு சைக்கிளும் ஒரு கூடாரமும் தெரியும்.

ஏரியைத் தாண்டியதும் இந்தப் பாதையின் ரகசியம் வெளிப்படுகிறது. வறண்ட சமவெளியில் புற்றைப்போல் சில மேடுகள். மேல் ஏறிப் பார்த்தால் உச்சியில் தண்ணீர்! ஒன்றுக்குப் பிளான்ஷ் கப் என்று பெயர். வட்டமான குளம், சுற்றிலும் நாணல். இன்னொன்று பப்ளர், உலை கொதிப்பதுபோல் அடியிலிருந்து மணலைக் கிளப்பிக்கொண்டு ஊற்று பொங்குகிறது. ஆனால் நீர் கொதிநீர் அல்ல.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆஸ்திரேலியாவின் கிழக்கு மலைகளில் பெய்யும் மழை பாறைக்குள் இறங்கி, பூமிக்கடியில் மெல்ல மெல்ல மேற்கே ஊர்ந்து வருகிறது. 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நிலத்தடி நீர்த்தேக்கம் அது. அதன் தெற்கு, மேற்கு விளிம்புகளில் பாறை வெடித்த இடங்களில் எல்லாம் ஊற்றாகக் கிளம்புகிறது. நீங்கள் இன்று கண்ணால் காணும் நீர், மழையாக விழுந்து லட்சக்கணக்கான வருஷங்கள் ஆகியிருக்கும். தண்ணீர் கொண்டுவந்த உப்பும் மண்ணும் சேர்ந்துதான் அந்த மேடுகள் உண்டாயின.

ஊற்றுகள் வரிசையாக, வில்லைப்போல் வளைந்து போகின்றன. அந்த வளைவோடு ஆதிக்குடிகளின் காலடிப் பாதை போயிற்று. அராபனா மக்களும் அவர்களுடைய அண்டை அயலாரும் காவிக்கல்லையும் மற்றப் பண்டங்களையும் இந்த வழியே கொண்டுபோய் மாற்றிக்கொண்டார்கள். 1859-இல் ஜான் மக்டவல் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்து ஊற்றுகளைப் படத்தில் குறித்தார். அவற்றைப் பிடித்துக்கொண்டே போய் 1862-இல் வடகடலை எட்டினார். அவர் போன திசையில் 1872-இல் தந்திக் கம்பி போயிற்று. நீராவி ரெயிலுக்கும் தண்ணீர் வேண்டுமே! அதுவும் ஊற்றுகளைத் தேடி வளைந்து வளைந்து 1891-இல் ஊட்னடாட்டா வந்து நின்றது. 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை அடைந்தது. ஒட்டகக்காரர்களின் ஞாபகமாக அந்த ரெயிலுக்கு 'கான்' என்று பெயர். 1980-இல் அந்தப் பாதையை மூடி, வெள்ளம் அரிக்காத வேறு மார்க்கத்தில் புதிய தண்டவாளம் போட்டுவிட்டார்கள். பழைய பாலங்களும் கல் கட்டடங்களும் கூரையிழந்து நிற்கின்றன. அந்தப் பழைய ரெயில் பாதையை ஒட்டியே சாலை. சாலையின் மேல் உங்கள் சைக்கிள்.

ஆகவே, இந்தப் பாதையை எந்த இஞ்சினியரும் போடவில்லை. தண்ணீர் போட்டது. அதை முதலில் படித்தவர்கள் அராபனா மக்கள். மற்றவர்கள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்தான்.

மாரீயிலிருந்து 130 கிலோமீட்டரில் கவர்ட் ஸ்பிரிங்ஸ். 1886-இல் ரெயிலுக்காகத் தோண்டிய ஆழ்குழாய்க் கிணற்றின் நீர் இங்கே பெருகி ஒரு சதுப்பையே உண்டாக்கிவிட்டது. பழைய பேரீச்ச மரங்கள் நிழல் தருகின்றன. வெதுவெதுப்பான ஊற்று நீர்த் தொட்டியில் இறங்கிக் கழுத்தளவு உட்கார்ந்தால், இரண்டு நாளாகத் துவைபலகை கொடுத்த உதை அத்தனையும் உடம்பை விட்டுக் கழன்றுபோகும்.

வழியில் வெட்டவெளியில் தங்க வேண்டிய இரவுகளுக்குச் சில விதிகள் உண்டு. வறண்ட ஆற்றுப் படுகை மணல் மெத்தைபோல் அழைக்கும், படுக்காதீர்கள். இங்கே ஒரு துளி விழாவிட்டாலும், தொலைவில் பெய்த மழை இரவில் வந்து எழுப்பும். கரையிலுள்ள பெரிய யூகலிப்டஸ் மரத்தடியும் ஆகாது. காற்றே இல்லாத நாளிலும் அது கிளையை முறித்துப் போடும். மாடுகள் நீர் குடிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் கூடாரம் அடிக்கவே கூடாது. தொட்டியருகே மனிதனைக் கண்டால் மாடு மிரண்டு, எத்தனையோ கிலோமீட்டர் நடந்து வந்த தாகத்தோடு அப்படியே திரும்பிவிடும். உங்கள் சௌகரியத்துக்காக ஒரு மந்தை தவிக்கலாமா?

சூரியன் இறங்கியதும் குளிர் ஏறும். சில இரவுகளில் பூஜ்யம் டிகிரியைத் தொடும். சமையல் முடித்து விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். நட்சத்திரங்கள் இவ்வளவா என்று தோன்றும். ஆதிக்குடிகள் நட்சத்திரங்களை மட்டும் பார்க்கவில்லை. பால்வீதியின் நடுவேயுள்ள கரிய திட்டுகளையும் பார்த்தார்கள். தென்சிலுவைக்கு அருகிலுள்ள கரும்புள்ளி தலை, கழுத்து நீண்டு, உடல் பருத்து, வானத்தில் ஒரு ஈமு பறவை ஓடுகிறது. ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு காணாமல் இருக்க முடியாது.

வில்லியம் க்ரீக்கில் ஒரு ஹோட்டல், ஒரு விமான ஓடுதளம், சில வீடுகள். சுற்றிலும் இருப்பது, உலகிலேயே பெரிய மாட்டுப் பண்ணை என்று பெயர் பெற்ற ஆனா க்ரீக். அங்கிருந்து இரண்டு மூன்று நாளில் அல்ஜிபக்கினா என்ற இடத்தில் நீல்ஸ் நதியின் மேல் கான் ரெயிலின் இரும்புப் பாலம். நீளம் அரைக் கிலோமீட்டருக்கு மேல். பல நாட்களில் அடியில் சில குட்டைகள்தான் நீர். இவ்வளவு பெரிய பாலம் ஏன் கட்டினார்கள் என்று சிரிக்கத் தோன்றும். வெள்ளம் வந்த நாளில் வந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது ஊட்னடாட்டா. 1960 ஜனவரி 2-ஆம் தேதி இங்கே வெப்பம் 50.7 டிகிரி செல்ஸியஸை எட்டியது. ஆஸ்திரேலியாவில் அதற்குமேல் பதிவானதில்லை. 2022-இல் மேற்குக் கரையிலுள்ள ஆன்ஸ்லோ அதைச் சமன் செய்தது. குளிர்காலத்தில் மட்டும் இங்கே சைக்கிளில் வாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சைக்கிளில் இந்த ஊரைக் கடந்த பழைய மனிதர் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஜெரோம் ம்யூரிஃப் என்பவர் 1897 மார்ச்சில் அடிலெய்டு அருகே கடல் நீரில் சக்கரத்தை நனைத்துவிட்டுப் புறப்பட்டார். மே மாதம் டார்வினில் வடகடலில் மறுபடி நனைத்தார். கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே சைக்கிளில் கடந்த முதல் மனிதர் அவர்தான். அவருடைய பிரயாண உடை என்ன தெரியுமா? பைஜாமா! இரண்டு வருஷம் கழித்து, 1899 ஜூனில், ஆர்தர் ரிச்சர்ட்ஸன் என்பவர் பெர்த் நகரிலிருந்து கிளம்பி, 1900 பிப்ரவரியில் கண்டம் முழுவதையும் தனியே சுற்றி வந்துவிட்டார். 18,000 கிலோமீட்டருக்கு மேல். ரோடு ஏது அப்போது? ம்யூரிஃபுக்குத் தந்தி நிலையங்களும் மாட்டுப் பண்ணைகளும் சத்திரங்களாக இருந்தன. மேற்கே தங்கச் சுரங்கப் பிரதேசங்களில் ஒட்டகங்கள் நடந்து நடந்து இறுக்கிய தடமே சைக்கிள்காரர்களுக்கு ராஜபாட்டை.

தனியாகப் போனார்கள் என்பது உண்மை. ஆனால் பிறர் கண்ட தண்ணீரிலும் பிறர் மிதித்த தடத்திலும் போனார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

அந்தத் தண்ணீர் எல்லா இடத்திலும் நல்ல முறையில் பெறப்பட்டதல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் கானிங் மாட்டுப் பாதை என்று ஒன்று உண்டு. 1,850 கிலோமீட்டர் மணற்குன்றுகள். 1906-இல் அதை அளக்கப் போன ஆல்பிரட் கானிங், பாலைவனத்து ஆதிக்குடிகளைப் பிடித்துச் சங்கிலியிட்டு, அவர்களுடைய நீர்நிலைகளைக் காட்டச் செய்தார். அவருடைய சமையற்காரரே புகார் செய்து, 1908-இல் ஒரு ராயல் கமிஷன் விசாரித்தது. சங்கிலி உபயோகித்ததைக் கானிங் மறுக்கவில்லை. ஆனாலும் கமிஷன் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. பிறகு சுமார் 50 கிணறுகள் தோண்டப்பட்டன. 2005-இல் யாகுப் போஸ்ட்ஷிகாச் என்ற போலந்துக்காரர், பருமனான டயர் கொண்ட சைக்கிளில், 33 நாள் உணவை ஓர் ஒற்றைச் சக்கர வண்டியில் இழுத்துக்கொண்டு, ஒருவர் துணையுமின்றி அந்தப் பாதை முழுவதையும் கடந்தார். அசாத்தியமான காரியம். அவர் குடித்தது அந்தக் கிணறுகளின் நீரை. அந்த நீரின் கதையையும் தெரிந்துகொண்டு குடிப்பதே மரியாதை.

பெடலுக்கும் அவுட்பாக்குக்கும் இன்னொரு பந்தமும் உண்டு. 1928-இல் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் விமான வைத்திய சேவையைத் தொடங்கினார். நோயாளி இருக்கிறார் என்று டாக்டருக்கு எப்படித் தெரிவிப்பது? பண்ணைகளில் மின்சாரம் இல்லை. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்பிரட் ட்ரேகர் என்ற இஞ்சினியர், காலால் பெடல் மிதித்து மின்சாரம் உண்டாக்கிச் செய்தி அனுப்பும் ரேடியோவைச் செய்து 1929-இல் கொடுத்தார். பெண்கள் பெடலை மிதித்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டார்கள். இன்று நீங்கள் கைக்கடக்கமான ஒரு கருவியைப் பையில் வைத்திருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தினால் செயற்கைக் கோள் வழியாக நீங்கள் இருக்கும் இடம் மீட்புக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். டெலிபோன் பேசாத இடத்தில் அதுவே துணை. அதை எடுத்துக்கொள்ளாமல் கிளம்புவது வீரம் ஆகாது.

இனி ஊட்னடாட்டாவிலிருந்து மார்லாவுக்குக் கடைசி 210 கிலோமீட்டர். இப்போது உங்களுக்கு ரோடு பழகிவிட்டது. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். அது இந்தப் பக்கத்து வணக்கம். நீங்களும் ஹாண்டில்பாரிலிருந்து ஒரு விரலைத் தூக்குங்கள். சிலர் புழுதி எழாமல் இருக்க மெதுவாக வந்து, பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்குவார்கள். எந்த ஊர், என்ன பெயர் என்று பிற்பாடுதான் விசாரிப்பார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:

"தண்ணீர் இருக்கிறதா?"

இருந்தாலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.